முழங்கால் வலிக்கு டைக்குளோபினாக்: அம்மா தொடர்ந்து பாவிக்கலாமா?

வெள்ளவத்தை மகள் கேட்கிறார்

அனைவருக்கும் வணக்கம். எனது அம்மாவுக்கு 68 வயது. இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு இருப்பதாக எக்ஸ்ரே பார்த்த வைத்தியர் கூறினார். உயர் குருதி அழுத்தத்துக்கு லொசார்ட்டனும், சலம் கூடுதலாகப் போவதற்கான ஹைட்ரோகுளோரோதயசைட்டும், நீரிழிவுக்கு மெட்போமினும், இவற்றோடு 75 மில்லிகிராம் அஸ்பிரினும் கிளினிக்கில் நீண்ட காலமாகப் பெற்று வருகிறார்.

சில மாதங்களுக்கு முன்னர் வலி தாங்க முடியாமல் ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டியபோது, டைக்குளோபினாக் 50 மில்லிகிராம் குளிசையைக் காலையும் இரவும் ஐந்து நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஐந்து நாட்களும் அம்மா பழையபடி படியேறி இறங்கினார். நாங்கள் இருப்பது லிப்ட் இல்லாத தொடர்மாடி என்பதால் அது எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அதன் பின்னர் வலி வரும்போதெல்லாம் பக்கத்து மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்கிறார். இப்போது அநேகமாக ஒவ்வொரு நாளும் போடுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

அண்மைக் காலமாக மாலையில் அவரது கணுக்கால்கள் வீங்குகின்றன. சென்ற கிளினிக்கில் அழுத்தம் கூடியிருப்பதாகவும், அடுத்த முறையும் அப்படியே இருந்தால் இன்னொரு குளிசை சேர்க்க வேண்டியிருக்கும் என்றும் கூறினார்களாம். டைக்குளோபினாக் பற்றி அங்கே அவர் எதுவும் சொல்லவில்லை. அது வலிக்குப் போடும் குளிசைதானே, அதை ஏன் அழுத்தத்துக்குப் பார்க்கிறவரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். சாப்பிட்ட பின்னர், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோலும் சேர்த்துப் போட்டால் ஒரு கெடுதியும் வராது என்று அம்மா நம்புகிறார். ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்கே பிரச்சினை இல்லை என்று எனது சித்தி சொல்கிறார். இவை சரியா? நிறுத்தச் சொன்னால், வலிக்கு வேறு என்னதான் செய்வது? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொட்டாஞ்சேனை மருந்தாளர்

சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். லொசார்ட்டன், ஹைட்ரோகுளோரோதயசைட், டைக்குளோபினாக் ஆகிய மூன்றும் ஒருவரது உடலில் ஒரே காலத்தில் இருப்பது சிறுநீரகத்துக்கு ஆபத்தானது என்று மருந்தாளர்களாகிய எங்களுக்குப் படிக்கும் காலத்திலேயே அழுத்திக் கற்பித்திருக்கிறார்கள். டைக்குளோபினாக்கை இன்றைக்கே நிறுத்தலாம். அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த வேண்டிய தேவை இல்லை. ஆனால் கிளினிக்கில் கொடுத்த மருந்துகளில் எதையும், குறிப்பாக அஸ்பிரினை, நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் இந்த வாரத்திலேயே அம்மாவை அழைத்துச் சென்று, குருதியில் கிரியட்டினின் (சிறுநீரகத்தின் வேலை குறையும்போது ஏறும் கழிவுப் பொருள்), பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் டைக்குளோபினாக்கின் பெயர், அளவு, எவ்வளவு காலமாகப் போடுகிறார் என்பது மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். பார்க்கிற வைத்தியர் ஒவ்வொரு முறையும் மாறக்கூடிய இடத்தில், வாயால் சொன்னது நிலைக்காது. கொப்பியில் உள்ளதே நிலைக்கும்.

இன்னொரு விடயத்தையும் பார்க்கச் சொல்வேன். அம்மாவின் மருந்துப் பையில் இருக்கும் சிறிய கடதாசி உறைகளை ஒருமுறை மேசையில் கொட்டிப் பாருங்கள். அட்டையிலிருந்து நான்கு, ஆறு என்று கத்தரித்துக் கொடுக்கும்போது, பெயர் இருந்த பகுதி கடையிலேயே தங்கிவிடும்; வெள்ளித் தாளில் பெயரின் பாதி எழுத்துகளும் "50" என்ற எண்ணும் மட்டும் மிஞ்சியிருக்கும், காலாவதித் திகதி இருக்காது. உறையின் மேல் பேனையால் "காலை 1, இரவு 1" என்றிருக்கும், எந்த மருந்து என்று இருக்காது. இந்த நிலையில் ஒரு கடையில் டைக்குளோபினாக்கையும் இன்னொரு கடையில் இபுபுரொபெனையும் வாங்கி, இரண்டும் வெவ்வேறு வகை மருந்துகள் என்று நினைத்து ஒரே நாளில் போடுகிறவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். டைக்குளோபினாக், இபுபுரொபென், மெபெனமிக் அசிட், நப்ரொக்சன் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டைச் சேர்ப்பதால் வலி அதிகம் குறைவதில்லை, கெடுதி மட்டும் கூடுகிறது. மருந்தின் வணிகப் பெயரை விட்டு அதன் உண்மையான பெயரைக் கேட்டு வாங்கும் பழக்கத்துக்காக இந்த நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் அவரே. உறையின் மேல் மருந்தின் பெயரை எழுதித் தரும்படி கடையில் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

பொது மருத்துவர், பம்பலப்பிட்டி

மருந்தாளர் கூறியதை முழுமையாக ஆமோதிக்கிறேன். அம்மா கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால்தான் அவர் மனதார நிறுத்துவார் என்பதால், ஏன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

காயம் பட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் சுரந்து வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகின்றன. அஸ்பிரின் போன்ற மருந்துகள் அவற்றின் உற்பத்தியைத் தடுப்பதன் மூலமே வேலை செய்கின்றன என்பதை 1971இல் ஜோன் வேன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். 1982இல் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஆனால் இதே பொருள்கள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப் படலத்தைப் பேணுகின்றன, சிறுநீரகத்துக்குக் குருதி போதியளவு போய்ச் சேரவும் உதவுகின்றன. குளிசை வயிற்றில் கரைந்து குருதியில் கலந்த பின்னர், முழங்காலில் மட்டும் தடு, மற்ற இடங்களை விட்டுவிடு என்று அதற்குச் சொல்ல வழியில்லை. ஊசியாகப் போட்டாலும், பின்வழியாக வைத்தாலும் மருந்து குருதிக்கே வருகிறது என்பதால், ஊசி வயிற்றைக் காக்கும் என்ற உங்கள் சித்தியின் கருத்து சரியல்ல. சாப்பிட்ட பின்னர் போடுவது எரிச்சலைக் குறைக்கலாம். புண் வருவதைத் தடுக்காது. ஒமெப்பிரசோல் இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் உண்மையான பாதுகாப்புத் தருகிறது. ஆயினும் அது சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. நம்மவர்கள் இந்த மருந்தை வயிற்றுக்கு மட்டும் உரிய பிரச்சினையாகப் பார்ப்பதால், ஒமெப்பிரசோலைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது வயிற்றை அல்ல, சிறுநீரகத்தை.

சிறுநீரகத்தின் வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் குருதி உள்ளே வர ஒரு நுண்குழாயும் வெளியேற ஒரு நுண்குழாயும் இருக்கின்றன. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள்: டைக்குளோபினாக் உள்வரும் குழாயை இறுக்குகிறது, லொசார்ட்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, ஹைட்ரோகுளோரோதயசைட் மொத்த நீரையே குறைக்கிறது. மூன்றும் ஒன்றாக நடக்கும்போது வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் இல்லாமற் போகிறது. லொசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் தனியே சிறுநீரகத்துக்குக் கேடானவை அல்ல, நீரிழிவு உள்ளவருக்கு லொசார்ட்டன் நன்மையே செய்கிறது. மூன்றாவதாக டைக்குளோபினாக் வந்து சேர்ந்ததுதான் கேடு. இந்தப் பாதிப்புக்கு ஆரம்பத்தில் வலியோ எரிச்சலோ கிடையாது. குருதிப் பரிசோதனை செய்தால் மட்டுமே தெரியும்.

இப்போது வீக்கத்துக்கும் அழுத்தத்துக்கும் வருவோம். இந்த வகை மருந்துகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன. கணுக்கால் வீங்குவதும், லொசார்ட்டன் போன்ற மருந்துகளின் பலன் குறைந்து அழுத்தம் ஏறுவதும் இதனால் நிகழக்கூடியவை. வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் நேரில் பரிசோதிக்காமல் முடிவு கூற மாட்டேன். ஆனாலும் கிளினிக் வைத்தியருக்கு டைக்குளோபினாக் பற்றித் தெரியாவிட்டால், அந்த மருந்து ஏற்றிய அழுத்தத்துக்கு இன்னொரு மருந்து எழுதப்படும். அந்த மருந்தின் பக்கவிளைவுக்கு மற்றொன்று தேவைப்படலாம். இதற்காகத்தான் வலிக் குளிசையைப் பற்றி அழுத்தத்துக்குப் பார்க்கிறவரிடம் சொல்ல வேண்டும்.

இதயத்தைப் பற்றியும் கூற வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ரொபிகொக்சிப் என்ற மருந்து மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரியவந்ததால் 2004இல் உலகச் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. 2013இல் வெளியான, பல நூறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்த பகுப்பாய்வு ஒன்று, நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் என்ற உயர்ந்த அளவில் டைக்குளோபினாக்கும் ஏறத்தாழ அதே வகை ஆபத்தைத் தருவதைக் காட்டியது: ஒரு வருடம் எடுக்கும் ஆயிரம் பேரில் மேலதிகமாக மூவருக்குப் பாரிய இதய, குருதிக்குழாய்ப் பாதிப்பு; அதில் ஒன்று மரணம். அதே வருடம் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம், இதய நோய், இதயச் செயலிழப்பு, பாரிசவாதம் உள்ளவர்கள் டைக்குளோபினாக் எடுக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. ஆகவே அம்மாவுக்கு அஸ்பிரின் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதையும் கேட்டு அறியுங்கள். முன்பு மாரடைப்போ இதய வலியோ வந்ததனால் என்றால் விடயம் இன்னும் பாரதூரமானது. எப்படியாயினும் அஸ்பிரினோடு டைக்குளோபினாக் சேரும்போது குருதி கசியும் ஆபத்து, இரண்டில் ஒன்றைத் தனியே எடுப்பதைவிடக் கூடுகிறது.

இவ்வளவு எழுதியதனால் இது கொடிய மருந்து என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. சிறுநீரகக் கல் வலியில் துடித்துக்கொண்டு வருபவருக்கு டைக்குளோபினாக் ஊசி தரும் ஆறுதலை வேறு மருந்துகளால் எளிதில் தர முடியாது. திடீரென வரும் கவுட் வாதம், மாதவிடாய் வலி, சுளுக்கு, பல் பிடுங்கிய பின்னரான வலி என்பவற்றுக்கு, வேறு நோயில்லாத இளவயதினர் சில நாட்களுக்குக் குறைந்த அளவில் எடுப்பது பெரும்பாலும் பாதுகாப்பானதே. முள்ளந்தண்டை இறுக்கும் சில வாத நோய்களில் வைத்தியரின் கண்காணிப்பில் நீண்ட காலத்துக்கும் கொடுக்கிறோம். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களில் சிலருக்கு இது மூச்சிறைப்பைத் தூண்டும். கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பின்னர் வைத்தியர் சொன்னாலன்றி எடுக்கக் கூடாது. அந்தத் தனியார் வைத்தியர் ஐந்து நாள் என்று எழுதியதில் ஒரு வரம்பு இருந்தது. சிட்டை முடிந்த பின்னரும் மருந்து தொடர்ந்ததுதான் இங்கே பிரச்சினை.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், தெஹிவளை

வைத்தியர் விரிவாக எழுதிவிட்டார். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியதை மட்டும் நான் சேர்க்கிறேன். வயது போனவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி கசியும்போது வயிற்று வலி வராமலே இருக்கலாம். மலம் கறுத்து, பிசுபிசுப்பாகக் கடும் நாற்றத்தோடு போகிறதா, கோப்பித் தூள் போன்ற வாந்தி வருகிறதா, காரணமின்றிக் களைப்பும் எழும்பும்போது தலைச்சுற்றும் இருக்கிறதா என்று அம்மாவிடம் நேரடியாகக் கேளுங்கள். கூச்சத்தில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். இரும்புச் சத்துக் குளிசை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கறுத்த மலமோ, குருதி வாந்தியோ, நெஞ்சு வலியோ வந்தால் காலை வரை பொறுத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

கொழும்பில் இருக்கிற எல்லோருக்கும் இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் மிஞ்சிய டைக்குளோபினாக்கும் மெபெனமிக் அசிட்டும் காய்ச்சலுக்குப் போய்ச் சேர்வதுதான் நான் வேலை செய்த காலம் முழுவதும் என்னை அதிகம் அச்சுறுத்திய விடயம். மழை பெய்து ஓய்ந்த வாரங்களில் இந்த நகரத்தில் வரும் எந்தக் காய்ச்சலும், இல்லை என்று உறுதியாகும் வரை டெங்குவாகவே கருதப்பட வேண்டும். 2017இல் மட்டும் நாடு முழுவதும் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு எனப் பதிவாகினர். மாகாணங்களில் மேல் மாகாணத்திலேயே அதிகமானோர் பதிவாகினர். டெங்குவில், குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்து, குருதி கசியும் தன்மை ஏற்கனவே கூடியிருக்கும். அந்த வேளையில் இந்த மருந்துகள் இரைப்பையையும் புண்ணாக்கி, சிறுதட்டுகளின் வேலையையும் தடுத்துவிட்டால் உட்குருதிப்பெருக்கு ஏற்படலாம். "காய்ச்சல் குறையவில்லை" என்று தாய்மார் பிள்ளைக்கு டைக்குளோபினாக்கைப் பின்வழியாக வைத்துவிட்டுக் கொண்டுவரும்போது, காய்ச்சல் குறைந்திருக்கும், பிள்ளை குளிர்ந்திருக்கும். நோய் தணிந்துவிட்டதா, பிள்ளை குருதி அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலைக்குப் போகிறதா என்று பிரித்தறிவது எங்களுக்கே கடினமாகிவிடும்.

காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் வேண்டாம். உடல் எடை குறைந்த முதியவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு. பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்தே அளவு. காய்ச்சல் விடாவிட்டால் மூன்றாம் நாளில் முழுக் குருதிப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிக்குன்குனியா வந்து மூட்டுகள் மாதக் கணக்கில் வலிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் டெங்கு இல்லை என்று உறுதியான பின்னர், வைத்தியர் எழுதினால் மட்டுமே இந்தக் குளிசைகள்.

இயன்மருத்துவ சிகிச்சையாளர்

வேறு என்ன செய்வது என்ற கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது. டைக்குளோபினாக் ஜெல் முழங்கால் தேய்வுக்கு உண்மையாகவே பலன் தருகிறது. தோலில் பூசும்போது குருதிக்குப் போய்ச் சேருவது, குளிசையில் போவதன் ஏறத்தாழ 6 வீதம் மட்டுமே. 1 வீத ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம் வரை, நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல் பூசலாம். விரல் நுனியில் சிறிதளவு எடுத்துத் தடவிவிட்டு ஜெல் கேட்கவில்லை என்பவர்கள் பலர். பூசிய இடத்தில் சுடுநீர்ப் பை வைக்கவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனை முடிவு வந்த பின்னர் வைத்தியரிடம் கேட்டே இதையும் தொடங்குங்கள்.

ஜெல்லைவிட நீண்ட காலப் பலன் தருவது தொடைத் தசையை வலுப்படுத்துவது. சாய்வுள்ள கதிரையில் நன்றாகப் பின்னால் இருந்து, ஒரு காலை முன்னே நீட்டி, முழங்கால் நேராகும் வரை உயர்த்தி, பாதத்தைத் தன் பக்கம் மடக்கி, ஐந்து வரை எண்ணிவிட்டு மெல்ல இறக்க வேண்டும். தொடையின் மேல் கையை வைத்துப் பார்த்தால் தசை கல்லாக இறுகுவது தெரிய வேண்டும். இறுகாவிட்டால் கால் முழுமையாக நீளவில்லை என்று பொருள். ஒவ்வொரு காலுக்கும் பத்து, காலையும் மாலையும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் நாட்களில் சிறிது நோவு இருக்கும், அதற்காக விட்டுவிட வேண்டாம். மாடிப்படியில் ஏறும்போது நோவு குறைந்த காலையும், இறங்கும்போது நோவு கூடிய காலையும் முதலில் வைக்கட்டும். ஊன்றுகோலை நோவு கூடிய காலுக்கு எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். உடல் எடை கூடுதலாக இருந்தால் சில கிலோ குறைந்தாலே முழங்கால் அதை உணரும்.

வெள்ளவத்தை மகள்

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தண்ணீர்த் தாங்கி விளக்கம் அவருக்கு உடனே பிடிபட்டது. குளிசையை அன்றே நிறுத்திவிட்டார். கொப்பியில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். கிரியட்டினின் 1.4 என்று வந்தது. சென்ற வருட அறிக்கையில் 0.9 இருந்தது. பொட்டாசியம் சரியான அளவில் இருக்கிறது. அழுத்தத்துக்குப் புதிய மருந்து இப்போது வேண்டாம், இரண்டு வாரத்தில் மீண்டும் பரிசோதிப்போம் என்று வைத்தியர் சொன்னார். இதற்கிடையில், கனடாவிலிருக்கும் தம்பி முன்பு கொண்டுவந்த இபுபுரொபென் போத்தல் ஒன்று வீட்டில் இருக்கிறது. தாங்க முடியாத நாளில் ஒன்றே ஒன்று போடலாமா என்று அம்மா கேட்கிறார். வேறு வகையான செலிகொக்சிப் வயிற்றுக்கு நல்லது என்றும் ஒருவர் சொன்னார்.

பொது மருத்துவர், பம்பலப்பிட்டி

அம்மாவுக்கு இபுபுரொபென் வேண்டாம், ஒன்றேயாயினும் வேண்டாம். சிறுநீரகம் இப்போது மீண்டுவர முயலும் காலம். அதோடு, இபுபுரொபென் முந்திக்கொண்டால் அஸ்பிரின் சிறுதட்டுகளில் செய்ய வேண்டிய வேலையைத் தடுத்துவிடும் என்பது அதிலுள்ள கூடுதல் கேடு. செலிகொக்சிப் வயிற்றுக்குச் சற்று மென்மையானது என்பது உண்மை. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அது மற்றவற்றிலிருந்து வேறுபட்டதல்ல. தாங்க முடியாத நாளில் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, தேவையானால் ஆறு மணித்தியாலத்துக்குப் பின்னர் மீண்டும். போத்தலைத் தம்பி திரும்பி வரும்போது அவரிடமே கொடுத்துவிடுங்கள், வீட்டு மருந்துப் பையில் இருக்க வேண்டாம்.

68 வயதுப் பெண்ணுக்கு 1.4 என்பது, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR என்று வருவது) நிமிடத்துக்கு 40 மில்லிலீற்றரை ஒட்டி இறங்கியிருப்பதைக் குறிக்கிறது. அது 45க்குக் கீழே இருக்கும்போது மெட்போமினின் அளவை மீளாய்வு செய்ய வேண்டும், 30க்குக் கீழே போனால் நிறுத்தவே வேண்டும். ஆகையால் இரண்டு வாரம் கழித்து வரும் அறிக்கையைக் காட்டும்போது, மெட்போமினை இதே அளவில் தொடரலாமா என்று மறவாமல் கேளுங்கள். டைக்குளோபினாக்கினால் மட்டும் வந்த ஏற்றம் என்றால் இந்தக் காலத்துக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். இறங்கவில்லை என்றால் சலப் பரிசோதனையும் சிறுநீரக ஸ்கானும் தேவைப்படும். அதற்கிடையில் வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து உடலில் நீர் வற்றினால், அன்றைக்கே கிளினிக்கிலோ அருகிலுள்ள வைத்தியசாலையிலோ காட்டி, லொசார்ட்டன், ஹைட்ரோகுளோரோதயசைட், மெட்போமின் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.